மூல ஓலை எங்கே இருக்கு? – லாக் பைப்லைன் வந்த வழி

ஐந்தருவின்னு பேர்தான் அஞ்சு. வர்ற தண்ணி என்னவோ ஒண்ணுதான். குற்றாலம் மெயின் அருவியில இருந்து அஞ்சு கிலோமீட்டர் தள்ளி, சுமார் 40 அடி உயரத்துல இருந்து பாறையில விழும்போது அஞ்சு கிளையாப் பிரியுது. கீழே வந்ததும் மறுபடி ஒண்ணாச் சேர்ந்துடும். அப்புறம் சிற்றாறா ஓடி, வழியில அணைக்கட்டுகள்ல மறிபட்டு, கால் வழியாக் குளங்களுக்குப் போய், மிச்சம் மீதி சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில கலக்குது.

சீசன் நிலவரம் பார்க்கலாம்னு உள்ளே வந்த அண்ணாச்சிமார் மன்னிக்கணும், இது அருவியைப் பத்தின பதிவு இல்லை :-) கம்ப்யூட்டர்கள் ராப்பகலா எழுதித் தள்ளுதே லாக், அதை ஒரு இடத்துல சேர்த்து, வாய்க்கால் வெட்டி, கிளவுட்ல இருக்கிற ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ்ல கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலையோட வரலாறு. அதுக்கு அருவி எதுக்குன்னு கேட்டா, அந்தத் தொழில்காரங்களே தண்ணி பாஷைதான் பேசுறாங்க. ஸ்ட்ரீம், பைப்லைன், சிங்க்... கடைசியா 'டேட்டா லேக்'. பென்டாஹோ நிறுவனத்துல இருந்த ஜேம்ஸ் டிக்ஸன் 2010ல சொன்ன வார்த்தை அது. பாட்டில்ல அடைச்ச தண்ணி ஒரு வகை, பல பக்கத்துல இருந்து ஓடி வந்து நிறையிற ஏரி இன்னொரு வகைன்னு விளக்கினார். மதகும் மடையும் கலிங்கும் பார்த்து வளர்ந்த நெல்லைச் சீமைக்காரங்களுக்கு இதுல புதுசா விளக்க ஒண்ணுமே இல்லை.

இன்னொரு காரணமும் இருக்கு. தென்காசி பக்கத்துல மத்தளம்பாறையில ஸோஹோ ஆபீஸ் இருக்கிறது எல்லாருக்கும் தெரியும். 2016ல வெளிவந்த ஸோஹோ டெஸ்க் அங்கே உருவானதுதான். அந்தக் கம்பெனி 1996ல அட்வென்ட்நெட்ங்கிற பேர்ல ஆரம்பிச்சப்போ செஞ்ச வேலை, நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்கிற மென்பொருள் எழுதுறது. பேர் ஸோஹோன்னு மாறினது 2009ல. அவங்களோட மேனேஜ்எஞ்சின் பிரிவு விக்கிற ஈவென்ட்லாக் அனலைசர்ங்கிற சரக்குக்கு வேலையே லாக் திரட்டுறதுதான். ஆக, லாக் நம்ம ஊருக்கு அந்நியம் இல்லை.

லாக்னா மரக்கட்டை

பாய்மரக் கப்பல் காலத்துல கப்பல் என்ன வேகத்துல போகுதுன்னு பார்க்க, ஒரு மரக்கட்டையைக் கயித்துல கட்டிக் கடல்ல போடுவாங்க. கயித்துல இடைவெளி விட்டு முடிச்சு இருக்கும். மணல் கடிகாரம் காலியாகிறதுக்குள்ள எத்தனை முடிச்சு கையை விட்டுப் போச்சுன்னு எண்ணினா அதுதான் வேகம். கப்பல் வேகத்தை இன்னிக்கும் 'நாட்'ல சொல்றது அதனாலதான். அந்தக் கட்டைக்கு இங்கிலீஷ்ல லாக். எண்ணின கணக்கை எழுதி வைக்கிற நோட்டு லாக் புக். அங்கே இருந்து கம்ப்யூட்டருக்கு வந்து, 1997ல 'வெப்லாக்' ஆகி, 1999ல வெட்டுப்பட்டு 'பிளாக்' ஆச்சு. நாம இங்கே எழுதிக்கிட்டு இருக்கிறதும் அந்த மரக்கட்டையோட பேரப்பிள்ளைதான்.

தமிழ்ல நாம அதைப் 'பதிவு'ன்னோம். பல பதிவுகளை ஒரே இடத்துல சேர்க்கிறதுக்குத் 'திரட்டி'ன்னு பேர் வச்சோம். 2004ல ஆரம்பிச்ச தமிழ்மணம் ஞாபகம் இருக்கும். லாக் பைப்லைனோட முதல் பாதியும் அதே வேலைதான். நூறு சர்வர் நூறு மூலையில எழுதுறதைத் திரட்டணும். இரண்டாவது பாதி, திரட்டினதைப் பத்திரமா ஒரு இடத்துல வைக்கிறது. நம்ம கதை அந்த இரண்டாவது பாதியில்தான் சூடு பிடிக்குது.

கிழிபட்டது படியோலை

இந்த விஷயத்துல நமக்கு ரொம்பப் பழைய வழக்கு ஒண்ணு இருக்கு. பெரிய புராணத்துல சுந்தரர் கல்யாணம். புத்தூர்ல மணப்பந்தல்ல ஒரு கிழவர் வந்து நின்னு, 'இந்த மாப்பிள்ளை எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கு'ங்கிறார். சுந்தரருக்குக் கோபம் வந்து ஓலையைப் பிடுங்கிக் கிழிச்சுப் போட்டுட்டார். சாட்சியம் காலின்னு நினைச்சா, கிழவர் அசரலை. வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போனதும், கிழிபட்டது படியோலைதான், மூல ஓலை என்கிட்ட இருக்குன்னு எடுத்து நீட்டுறார். சபையாரும் உடனே நம்பிடலை. பாட்டனார் எழுதின வேற ஓலையை வரவழைச்சு, எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் தீர்ப்பு சொல்றாங்க.

பக்தியை ஒரு பக்கம் வச்சுட்டு ஆவணமா மட்டும் பாருங்க. எதிராளி கை எட்டுற இடத்துல படியோலை, எட்டாத இடத்துல மூல ஓலை. அது உண்மைதானான்னு சரிபார்க்க ஒரு வழி. லாக் பைப்லைனோட கடந்த நாற்பது வருஷ வரலாறு இந்த இரண்டையும் கம்ப்யூட்டர் உலகம் மெல்ல மெல்லக் கத்துக்கிட்ட கதைதான்.

ஏன்னா, சர்வருக்குள்ள திருட்டுத்தனமா நுழையிறவன் முதல்ல கை வைக்கிறது லாக் மேலதான். லாக் அதே மெஷின்லயே இருந்தா, மெஷின் போனதும் சாட்சியும் போச்சு. வீட்டுக்குள்ளேயே கண்காணிப்புக் கேமராவோட டிஸ்க்கை வச்சா, வர்ற திருடன் அதையும் தூக்கிட்டுப் போற மாதிரி.

எழுபத்தைந்து சென்ட்

1986 ஆகஸ்ட். கலிபோர்னியாவுல லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம். கிளிஃபோர்ட் ஸ்டோல்ங்கிற வானியல்காரரைக் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாத்தியிருந்தாங்க. கம்ப்யூட்டர் நேரத்துக்குப் போடுற கணக்குல 75 சென்ட் இடிக்குது, என்னன்னு பாருன்னு சொன்னாங்க. முக்கால் டாலர்தானேன்னு விடாம அவர் தோண்டினதுல, யாரோ வெளியாள் உள்ளே வந்து போறது தெரிஞ்சுது.

அடுத்து அவர் செஞ்சதுதான் நமக்கு முக்கியம். வந்தவனுக்கு மெஷின்ல முழு அதிகாரமும் கிடைச்சிருந்துது. அந்த மெஷின்லயே லாக் எழுதினா அழிச்சிடுவான். அதனால ஸ்டோல் ஒரு வார இறுதியில ஆபீஸ் முழுக்கச் சுத்தி பிரிண்டரும் டெர்மினலுமா சுமார் ஐம்பதைத் திரட்டி, வெளியில இருந்து வர்ற மோடம் இணைப்புகள்ல மாட்டினார். வந்தவன் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் காகிதத்துல அச்சாச்சு. காகிதத்தை ஜெர்மனியில உட்கார்ந்துக்கிட்டு அழிக்க முடியாதுல்ல! பல மாசத் துரத்தலுக்கு அப்புறம் ஆள் ஹனோவர் நகரத்து மார்க்கஸ் ஹெஸ்னு தெரிஞ்சுது. சோவியத் உளவுத்துறைக்குத் தகவல் வித்துக்கிட்டு இருந்தது வெளியே வந்துது. ஸ்டோல் 1989ல இதைப் புத்தகமாவே எழுதிட்டார்.

அந்தக் காகிதக் கட்டுதான் மூல ஓலை. லாக்கை வேற இடத்துக்கு அனுப்புறதோட முழு நியாயமும் இந்த ஒரு சம்பவத்துல அடங்கிப் போச்சு.

வருஷம் இல்லாத ஓலை

அதே பெர்க்லி ஊர்ல, பல்கலைக்கழகத்துல எரிக் ஆல்மன் 1980களின் ஆரம்பத்துல சென்ட்மெயில்ங்கிற அஞ்சல் மென்பொருள் எழுதினார். அதுக்குத் துணையா எழுதின சின்ன நிரல் சிஸ்லாக். எந்த நிரலா இருந்தாலும் தன் செய்தியை இதுகிட்டக் கொடுத்தாப் போதும், அது ஃபைல்ல எழுதும், வேணும்னா இன்னொரு மெஷினுக்கும் அனுப்பும். வசதியா இருந்ததால யூனிக்ஸ் உலகம் முழுக்கப் பரவிடுச்சு. ரவுட்டர், ஃபயர்வால் வரைக்கும் அதே பாஷை பேச ஆரம்பிச்சுது.

ஆனா இரண்டு ஓட்டை. அனுப்புறது யுடிபி 514 வழியா. போஸ்ட் கார்டைப் பெட்டியில போட்டுட்டுத் திரும்பிப் பார்க்காம வர்ற மாதிரி. போய்ச் சேர்ந்துதா இல்லையான்னு கேட்க நாதி கிடையாது. நெட்வொர்க் நெரிசல்ல இருக்கும்போதுதான் லாக் நிறைய வரும், அந்த நேரம் பார்த்துத்தான் தொலையவும் செய்யும்.

இரண்டாவது ஓட்டை தேதியில. இருபது வருஷமா எல்லாரும் பேசிக்கிட்டு இருந்த பாஷையை 2001ல ஆர்எஃப்சி 3164ன்னு எழுத்துல வடிச்சப்போ பார்த்தா, தேதியில மாசம், நாள், மணி, நிமிஷம், நொடி எல்லாம் இருக்கு. வருஷம் இல்லை. எந்த நாட்டு நேரம்ங்கிறதும் இல்லை! நம்ம பழைய கல்வெட்டுகள் பலதுல ராஜாவோட ஆட்சியாண்டு மட்டும் இருக்கும், அது எந்த வருஷம்னு வரலாற்றுக்காரங்க மண்டையை உடைச்சுக்கணும். அதே பாடுதான். 2009ல வந்த ஆர்எஃப்சி 5424 வருஷத்தையும் நேர வித்தியாசத்தையும் சேர்த்துது. ஆனா பழைய வடிவத்துல பேசுற பெட்டிகள் இன்னும் எத்தனையோ ஓடிக்கிட்டு இருக்கு. திரட்டியை அமைக்கிறவங்க முதல் வேலையா நேரத்தைச் சரி பண்ணணும்னு அடிச்சுக்கிறது இதனாலதான். ஒரு சர்வர் இந்திய நேரத்துலயும் இன்னொண்ணு கிரீன்விச் நேரத்துலயும் எழுதினா, நடுவுல அஞ்சரை மணி நேரம் பேய் வீடு மாதிரி ஆயிடும்.

குளம் வந்த நாள்

லாக் சேர்ந்துக்கிட்டே போனா டிஸ்க் ரொம்பிடும். அதுக்கு லாக்ரொட்டேட்னு ஒரு ஏற்பாடு. ரெட்ஹாட் லினக்ஸ்ல வாரம் ஒரு ஃபைல், நாலு வாரம்தான் இருக்கும், அஞ்சாவது வந்தா பழசு காலி. பல கம்பெனிகளுக்கு ஞாபக சக்தியே ஒரு மாசம்தான். ரெண்டு மாசம் முன்னாடி உள்ளே வந்தவனைப் பத்தி யாராலயும் ஒண்ணும் சொல்ல முடியாது.

2006 மார்ச் 14. அமேசான் எஸ்3ங்கிற சேவையை ஆரம்பிச்சுது. டைரக்டரி, டிஸ்க், பார்ட்டிஷன் எதுவும் கிடையாது. ஒரு பக்கெட், அதுக்குள்ள ஆப்ஜெக்ட். ஆப்ஜெக்டுக்கு ஒரு பேர், உள்ளே என்ன வேணா இருக்கலாம். இடம் ரொம்பிப் போச்சுங்கிற பேச்சே இல்லை. வாடகை மாசத்துக்கு ஒரு ஜிபிக்கு 15 சென்ட். பின்னாடி மைக்ரோசாஃப்டும் கூகுளும் அதே மாதிரி கொண்டு வந்தாங்க.

கணக்கா பார்ப்போம். ஒரு நடுத்தரக் கம்பெனி நாளைக்கு 50 ஜிபி லாக் எழுதுதுன்னு வைங்க. 180 நாளைக்கு 9,000 ஜிபி. 2006 விலையில மாச வாடகை 1,350 டாலர். இப்போ அமெரிக்கக் கிழக்குப் பகுதி விலை ஜிபிக்கு 2.3 சென்ட், அதே சரக்குக்கு 207 டாலர். லாக் எல்லாம் ஒரே மாதிரி வரிகள்ங்கிறதால ஜிஸிப் போட்டுச் சுருக்கினா பத்துல ஒரு பங்காக்கூட ஆகும். அப்படின்னா 21 டாலருக்குள்ள. 'இடம் இல்லை, அதனால அழிச்சுட்டோம்'ங்கிற சாக்கு இந்த இருபது வருஷத்துல செத்தே போச்சு.

வரி வரியா இல்ல, மூட்டை மூட்டையா

ஆனா குளம் இருந்தாப் போதுமா, கால் வெட்ட வேணாமா? அங்கேதான் சிக்கல். சிஸ்லாக் பழகின ஆளுங்க வரி வரியா அனுப்பிப் பழகினவங்க. சாதாரண எஸ்3 பக்கெட்டுல இருக்கிற ஆப்ஜெக்டுக்கு வால்ல ஒரு வரி சேர்க்க முடியாது. முழுசா எழுதணும், மாத்தணும்னா முழுசா மறுபடி எழுதணும். சரி, ஒவ்வொரு வரியையும் ஒரு ஆப்ஜெக்டா வச்சா? 2007ல இருந்து ஒவ்வொரு எழுதுறதுக்கும் தனிக் காசு. இப்போ ஆயிரம் தடவை எழுத அரை சென்ட். ஒரு கோடி லாக் வரியைத் தனித்தனியா அனுப்பினா 50 டாலர். பத்தாயிரம் வரியை ஒரு மூட்டையாக் கட்டினா ஆயிரம் மூட்டைதான், அரை சென்ட். வித்தியாசம் பத்தாயிரம் மடங்கு!

அதனால நடுவுல சேர்த்து வைக்கிற ஒரு தொட்டி, அதாவது பஃபர், கட்டாயம் ஆச்சு. ஃபேஸ்புக் 2008ல ஸ்கிரைபைப் பொதுவுல விட்டுது. 2011ல லிங்க்ட்இன் காஃப்காவை விட்டுது. அதே 2011ல சதயுகி ஃபுருஹாஷி எழுதின ஃப்ளுயன்ட்டி வந்துது. அது இப்போ கிளவுட் நேட்டிவ் அறக்கட்டளையோட திட்டம். அதோட தம்பி ஃப்ளுயன்ட் பிட், 2015ல இருந்து. சின்ன மெஷின்லயும் ஓடுற அளவுக்கு ஒல்லி.

இதுகளை அமைக்கும்போது எழுதுற கான்ஃபிக் ஃபைலைப் பார்த்தா நாலு கேள்விதான். எங்கே இருந்து எடுக்கணும்? என்ன திருத்தணும்? எவ்வளவு சேர்ந்ததும் மூட்டை கட்டணும்? எந்த பக்கெட்டுல என்ன பேர்ல போடணும்? ஃப்ளுயன்ட் பிட்ல நீங்க ஒண்ணும் சொல்லலைன்னா 100 எம்பி சேர்ந்ததும், இல்லைன்னா 10 நிமிஷம் ஆனதும் மூட்டையைக் கட்டி அனுப்பிடும். பேர் வைக்கிறதுல வருஷம்/மாசம்/நாள்/மணின்னு அடுக்கி வச்சாத்தான் பின்னாடி தேடும்போது ஒரு நாளைக்கு உண்டானதை மட்டும் எடுக்க முடியும். எல்லாத்தையும் ஒரே இடத்துல கொட்டினா, மொத்தக் குளத்தையும் இறைச்சுத்தான் மீன் பிடிக்கணும்.

இதுல நிறையப் பேர் கண்டுக்காம விடுறது தொட்டி ரொம்பினா என்ன பண்றதுங்கிற வரி. நம்ம ஊர்க் குளம் ரொம்பினா கரை உடையக்கூடாதுன்னு கலிங்கு வச்சிருப்பாங்க, உபரித் தண்ணி அது வழியா வெளியேறும். ஃப்ளுயன்ட்டியிலயும் மூணு வழி உண்டு. பிழைன்னு கத்துறது, புது வரவை நிறுத்தி வைக்கிறது, பழைய மூட்டையைத் தூக்கிப் போடுறது. நிறுத்தினா மேல இருக்கிற நிரலே ஸ்தம்பிக்கலாம். தூக்கிப் போட்டா ஓலை போச்சு. இதுல எது பரவாயில்லைங்கிறதைக் கம்ப்யூட்டர் முடிவு பண்ண முடியாது. கடைக்காரர் பில் லாக்குக்கு ஒரு பதில், விளம்பரம் எத்தனை பேர் பார்த்தாங்கங்கிற லாக்குக்கு வேற பதில். தொட்டியை மெமரியில வைக்காம டிஸ்க்ல வைக்கணும்ங்கிறதும் அதே கணக்குதான். மின்சாரம் போனா மெமரி காலி.

ஐந்தருவி மாதிரி

2010க்கு அப்புறம் இன்னொரு பாடம் வந்துது. லாக்கைத் தேடிப் பார்க்க எலாஸ்டிக்சர்ச் மாதிரி கருவிகள் வந்தப்போ, எல்லாரும் மொத்தத்தையும் அதுல கொட்டினாங்க. தேடுறது ஜோர். செலவு கண்ணைக் கட்டும், ஏன்னா ஒவ்வொரு வார்த்தைக்கும் அட்டவணை போட்டு வேகமான டிஸ்க்ல வைக்கணும். அதனால ஒரே ஓட்டத்தைப் பிரிக்க ஆரம்பிச்சாங்க. கடைசி ஒரு வாரம் தேடுற கருவிக்கு, எச்சரிக்கை மட்டும் இன்னொரு பக்கம், முழு ஓட்டத்தோட மாறாத பிரதி ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு. ஃப்ளுயன்ட்டியில இதுக்கு 'காப்பி'ன்னே ஒரு சொல் இருக்கு. நம்ம ஐந்தருவிதான். ஒரு வித்தியாசம், அருவியில ஒவ்வொரு கிளைக்கும் பங்கு தண்ணி. இங்கே ஒவ்வொரு கிளைக்கும் முழுத் தண்ணி.

தேடுற கருவியில இருக்கிறது படியோலை. அது கெட்டுப் போனாலும் மறுபடி உருவாக்கிக்கலாம். பக்கெட்டுல இருக்கிறதுதான் மூல ஓலை. 2012ல அமேசான் கிளேஸியர்னு இன்னும் மலிவான பரணையும் போட்டுக் கொடுத்துது, ஜிபிக்கு ஒரு சென்ட். பரண்ல இருந்து இறக்க அப்போ மூணுல இருந்து அஞ்சு மணி நேரம் ஆகும்.

வாய்க்கால் உடைஞ்ச கதைகள்

எல்லாம் சுபம்னு நினைச்சுடாதீங்க. 2017 பிப்ரவரி 28. எஸ்3யோட பில்லிங் பகுதியில கோளாறு பார்த்துக்கிட்டு இருந்த ஒரு ஊழியர் கட்டளையில ஒரு எண்ணைத் தப்பா அடிச்சதுல, நினைச்சதுக்கு மேல சர்வர்கள் நின்னு போச்சு. அமெரிக்கக் கிழக்குப் பகுதியில சுமார் நாலு மணி நேரம் எஸ்3 படுத்துடுச்சு. அதுல கூத்து என்னன்னா, எந்தச் சேவை எப்படி இருக்குன்னு காட்டுற அமேசானோட பலகையும் எஸ்3யையே நம்பி இருந்துது. அதனால அதையும் மாத்த முடியலை. அன்னிக்கு டிஸ்க்ல தொட்டி வச்சிருந்தா லாக் காத்துக்கிட்டு இருக்கும். தொட்டி சின்னதா இருந்தா அந்த நாலு மணி நேரம் வரலாற்றுலயே கிடையாது.

அடுத்தது, அனுப்பக் கூடாததை அனுப்புறது. 2018 மே மாசம் ட்விட்டர் தன்னோட 33 கோடி பயனர்களையும் பாஸ்வேர்டை மாத்தச் சொல்லுச்சு. காரணம், பாஸ்வேர்டை மறைக்குறியா மாத்துறதுக்கு முன்னாடியே ஒரு உள் லாக்ல அப்படியே எழுதி வச்சிருந்தாங்க. ஃபேஸ்புக்கும் 2019ல இதே மாதிரி பாஸ்வேர்டுகளைப் படிக்கிற வடிவத்துல வச்சிருந்ததை ஒத்துக்கிச்சு. அதுக்கு 2024 செப்டம்பர்ல அயர்லாந்து தரவுப் பாதுகாப்பு ஆணையம் போட்ட அபராதம் 9.1 கோடி யூரோ. லாக்கைக் காலம் காலமா வைக்கிற வசதி வந்ததும், தப்பா எழுதினதும் காலம் காலமா இருக்கும். ஆதார் எண், போன் நம்பர், பாஸ்வேர்டு எல்லாத்தையும் வாய்க்கால்லயே சல்லடை போட்டு வடிகட்டணும். குளத்துல கலந்த பிறகு வடிகட்ட முடியாது.

மூணாவது தமாஷு. பக்கெட்டுக்கு யார் வந்தாங்க போனாங்கன்னு லாக் எழுதலாம். அந்த லாக்கை அதே பக்கெட்டுல போடச் சொன்னா? லாக் எழுதினதுக்கு ஒரு லாக், அதுக்கு ஒரு லாக்னு முடிவே இல்லாம ஓடும். பில்லு மட்டும் வீட்டுக்கு வரும் :-)

நம்ம நாட்டுல சட்டம் சொல்றது

இதெல்லாம் அமெரிக்காக்காரன் பாடு, நமக்கென்னன்னு இருந்த காலம் 2022ல முடிஞ்சுது. அந்த வருஷம் ஏப்ரல் 28ம் தேதி செர்ட்-இன், அதாவது கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கிற மத்திய அரசு அமைப்பு, ஒரு உத்தரவு போட்டுது. எல்லா நிறுவனமும் தன் கணினி அமைப்புகளோட லாக்கை 180 நாளைக்கு இந்திய எல்லைக்குள்ள வச்சிருக்கணும். தாக்குதல் தெரிய வந்தா 6 மணி நேரத்துக்குள்ள சொல்லணும். கடிகாரத்தை அரசு நேர சர்வர்களோட ஒத்துப் போற மாதிரி வைக்கணும். வெளிநாட்டுலயும் பிரதி இருக்கலாம், ஆனா கேட்டா எடுத்துக் கொடுக்கணும்னு பின்னாடி விளக்கம் கொடுத்தாங்க. சிறு, குறு நிறுவனங்களுக்கு அந்த செப்டம்பர் 25 வரைக்கும் அவகாசம்.

இந்த உத்தரவை நிறைவேத்துற வசதி அதுக்குள்ள இங்கேயே வந்திருந்துது. மைக்ரோசாஃப்ட் 2015ல சென்னை உட்பட மூணு இடத்துல, அமேசான் 2016ல மும்பையில, கூகுள் 2017ல மும்பையில. தென்காசியில நாலு பேர் சேர்ந்து நடத்துற ஒரு சின்ன மென்பொருள் கடையும் மும்பை பக்கெட்டுல ஆறு மாச லாக்கை வச்சிருக்கலாம்.

எதுக்கு இவ்வளவு கெடுபிடின்னு கேட்டவங்களுக்கு அதே வருஷம் நவம்பர் 23ம் தேதி பதில் வந்துது. டெல்லி எய்ம்ஸ்ல தாக்குதல். அஞ்சு சர்வர்ல சுமார் 1.3 டிபி தரவைப் பூட்டிப் போட்டுட்டாங்கன்னு அரசே பார்லிமென்ட்ல சொன்னது. ஓபி சீட்டுல இருந்து பரிசோதனை முடிவு வரைக்கும் பல நாள் பேப்பர்ல எழுத வேண்டி வந்துது. அப்படி ஒரு காலையில முதல் கேள்வி, எப்போ உள்ளே வந்தான், எந்த வழியா வந்தான், இன்னும் உள்ளேதான் இருக்கானா? இதுக்கெல்லாம் பதில் லாக்லதான் இருக்கும். பூட்டுப்பட்ட மெஷினுக்குள்ளேயே லாக்கும் இருந்தா யாரைக் கேட்கிறது?

கல்லுல வெட்டுறது

சரி, லாக்கை பக்கெட்டுக்கு அனுப்பியாச்சு. அனுப்புற சர்வர்கிட்ட பக்கெட்டோட சாவி இருக்குமே? உள்ளே வந்தவன் அந்தச் சாவியை எடுத்து பக்கெட்டையும் காலி பண்ணினா? நியாயமான கேள்வி. அதனால சர்வருக்குக் கொடுக்கிற சாவி எழுத மட்டும்தான் உதவணும், படிக்கவோ அழிக்கவோ முடியக் கூடாது. கோயில் உண்டியல் மாதிரி, போட எல்லாராலயும் முடியும், எடுக்க அதிகாரி வரணும்.

2018 நவம்பர்ல அமேசான் ஆப்ஜெக்ட் லாக்னு ஒண்ணு கொண்டு வந்துது. இத்தனை நாளைக்கு இதை யாரும் தொடக் கூடாதுன்னு பூட்டலாம். கண்டிப்பான வகைப் பூட்டைப் போட்டா அக்கவுண்ட் முதலாளியே நினைச்சாலும் கெடு முடியிற வரை அழிக்க முடியாது. ஓலையில எழுதிட்டு இருந்தவங்க, முக்கியமானதைக் கல்லுல வெட்டின மாதிரி. தென்காசி காசி விசுவநாதர் கோயில்ல பராக்கிரம பாண்டியன் கல்வெட்டு இருக்கு, இந்தக் கோயிலைப் பிற்காலத்துல காப்பாத்துறவங்களை நான் வணங்குறேன்கிற கருத்துல. அந்த ராஜகோபுரம் இடிஞ்சு நெடுங்காலம் மொட்டையா நின்னு, மறுபடி எழும்பினது 1990லதான். கோபுரம் இல்லாத அத்தனை காலமும் ராஜா வச்ச வேண்டுகோள் அங்கேயேதான் இருந்துது. வெட்டினா அப்படி வெட்டணும்.

எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த திருவெண்ணெய்நல்லூர் சபை வேலைக்கும் இப்போ ஏற்பாடு உண்டு. அமேசானோட கிளவுட்ட்ரெயில் 2015ல இருந்து தான் எழுதுற லாக் ஃபைல்களுக்கு ஹாஷ் கணக்குப் போட்டு, கையெழுத்தும் போட்டு வைக்கும். நடுவுல யாராவது ஒரு எழுத்தை மாத்தினாலும் காட்டிக் கொடுத்துடும்.

ஆனா பூட்டுறதுக்கு முன்னாடி சல்லடை. கல்லுல வெட்டினதுக்கு அப்புறம் உள்ளே பாஸ்வேர்டு இருக்குன்னு தெரிஞ்சா, உளி எடுத்துச் செதுக்கவும் வழி கிடையாது.

படிக்கத் தெரியாத ஓலை

இத்தனையும் செஞ்சும் பல இடத்துல கடைசிப் படியை விட்டுடுறாங்க. எழுதி, சுருக்கி, பூட்டி, அடுக்கி வச்சாச்சு. அதைத் திரும்ப எடுத்துப் படிச்சுப் பார்த்தவங்க எத்தனை பேர்? சாவி யார்கிட்ட இருக்கு? அமைச்சவர் வேலையை விட்டுப் போயிட்டா கான்ஃபிக் ஃபைலை வேற யாருக்காவது புரியுமா? சட்டப்படி ஆறு மணி நேரம்தான் இருக்கும்போது, பரண்ல இருந்து இறக்கவே அஞ்சு மணி நேரம் ஆனா என்ன பண்றது? சுந்தரர் வழக்குல கிழவர் 'மூல ஓலை இருக்கு, ஆனா எந்தப் பெட்டியிலன்னு தெரியலை'ன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே வழக்கு தள்ளுபடி ஆகியிருக்கும்.

அதனால இந்தத் துறையில இருக்கிற அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாரும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஒரு சின்னப் பரீட்சை வைங்க. போன மாசத்துல ஏதாவது ஒரு தேதி, ஏதாவது ஒரு மணி நேரத்தைச் சொல்லுங்க. அந்த நேரத்து லாக்கை பக்கெட்டுல இருந்து எடுத்து, பிரிச்சு, ஒரு கேள்விக்குப் பதில் சொல்லச் சொல்லுங்க. கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு உட்காருங்க. எடுத்துக்கிட்ட நேரம்தான் உங்க பைப்லைனோட உண்மையான மார்க்.

அப்படிச் செஞ்சு பார்த்தவங்க எவ்வளவு நேரம் ஆச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. கம்பெனி பேர் வேணாம், மணிக்கணக்கு போதும்.

டிஸ்கி: சாதாரண ஹார்ட் டிஸ்க்ல ரெண்டு பிரதி வச்சாப் போதாதான்னு கேட்கப் போறவங்களுக்கு: தாராளமாப் போதும், ரெண்டாவது டிஸ்க் முதல் டிஸ்க் இருக்கிற அதே பீரோவுல இல்லைன்னா.